இரண்டாவது துளை

நான் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் வெறும் புல். மீதியில் பாதி, ஓடிப்போகிற ஏதோ ஒன்றின் வால். எஞ்சியதை வைத்துத்தான் இத்தனை வருடமும் சம்பளம் வாங்கினேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆள் இல்லாமல் தானாகப் படம் எடுக்கும் கமராவைப் புல்வெளியில் வைத்துவிட்டு, அங்கே என்ன உயிர் வருகிறது, என்ன போகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. படச்சுருள் காலத்து ஆக்லாந்தில் இந்த வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. இருந்திருந்தால் அவனுடைய கமராவும் என்னிடம்தான் திருத்த வந்திருக்கும்.

போன மாதம் கவிதா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பூங்காப் பிரிவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. கோயம்புத்தூர்ப் பெண், வாய் ஓயாத கெட்டிக்காரி. எல்லர்ஸ்லி அலுவலகத்தின் சாமான் அறையைக் காலி செய்கிறார்களாம். இப்போதைய கமரா உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. படம் எடுத்த கையோடு அதைப் போனுக்கு அனுப்பி, இது பூனை, இது எலி என்று பெயரும் சொல்லிவிடுகிறது.

"அங்கிள், உங்க பழைய மரமுளை ஒரு கட்டு கிடக்கு. எல்லாத்துலயும் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ ஒரு துளை இருக்கு. கணுக்கால்கிட்ட இன்னொண்ணு. மேல இருக்கறது புரியுது. கீழ எதுக்கு?"

"அது ஒரு நாயின்ரை உயிர், பிள்ளை."

"ஐயோ அங்கிள், எனக்கு இப்ப மீட்டிங். எழுதி அனுப்புங்களேன்" என்று வைத்துவிட்டாள். சரி, எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் ரேடியோ, ரேப் ரெக்கோடர் திருத்தியவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆக்லாந்துக்கு வந்து, கடைகளுக்குத் திருட்டு மணி பொருத்தும் கம்பனி ஒன்றில் சேர்ந்தேன். கதவின் இரண்டு பக்கமும் இரண்டு சின்னப் பெட்டிகள். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் ஓடும். யாராவது குறுக்கே வந்து அதை மறித்தால் மணி அடிக்கும். ஒருநாள் சேறு காயாத பூட்ஸோடு ஒரு பெண் கம்பனிக்குள் வந்தார். பெயர் ஹெலன், பூங்காப் பிரிவின் காட்டுயிர் அதிகாரி. நரைத்த தலை, வெயிலில் காய்ந்த முகம், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிற ஆள்.

"இந்தக் கதிரை மறித்தால் மணி அடிப்பதற்குப் பதிலாகக் கமரா படம் எடுக்குமா?" என்று கேட்டார்.

எடுக்கும் என்றேன். மழையில்? எடுக்கும். கடற்கரை உப்புக் காற்றில்? அதிலும் எடுக்கும் என்றேன். மூன்றாவது பதில் உண்மையா என்று அப்போது எனக்கே தெரியாது. அடுத்த மாதமே நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பதிலை உண்மையாக்க வேண்டிய பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

உப்புக் காற்று என்னை ஆட்டிவைத்தது. பெட்டிக்குள் ஈரம் ஏறி வில்லை மங்கிப்போகும். வீட்டில் உப்புப் போத்தலுக்குள் அரிசி போட்டு வைப்போமே, அந்தப் புத்தியில் வறுத்த அரிசியைத் துணிப்பையில் கட்டி உள்ளே வைத்தேன். வில்லை பளிச்சென்று இருந்தது. ஆனால் அடுத்த சுருள் முழுக்க எலி. ஹெலன் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எலிகள் உன் சமையலை விரும்புகின்றன" என்றார். அதற்குப் பிறகு காலணிக் கடைகளில் ஏறி இறங்கி, புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்தேன்.

நகர மையத்தில் படம் கழுவுகிற கடைக்காரருக்கு என்மேல் பெரிய இரக்கம். சுருள் சுருளாகப் புல்லைக் கொண்டுவந்து கழுவக் கொடுக்கிறவனை அவர் வேறு எங்கே கண்டிருக்கப் போகிறார்? ஒருநாள் மெல்லிய குரலில், "ஆரம்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் வரும். கமராவை ஆள் இருக்கிற பக்கம் திருப்பிப் பாருங்கள்" என்று அறிவுரை சொன்னார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

புல்தான் என் எதிரி. கிகூயூ என்றொரு புல், எந்த மண்ணிலும் படர்ந்து கொழுக்கும். கதிரைத் தாழ வைத்தால் காற்றில் புல் ஆடி, ஒரே மதியத்தில் சுருளை முடித்துவிடும். அதனால் கதிர்ப் பெட்டியைப் பொருத்தும் முளையில் துளை எங்கே போடவேண்டும் என்று ஹெலன் ஒரு விதி வைத்தார்: முழங்காலுக்கு ஒரு சாண் கீழே. நாய், பூனை எல்லாம் அகப்படும்; புல் அகப்படாது. நல்ல விதிதான். நானும் அப்படியே துளைத்தேன்.

ஹெலனிடம் இன்னொரு விதியும் இருந்தது. படம் வந்ததும் மேசையில் பரப்பி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "படத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல். என்ன நடந்தது என்பதைப் பிறகு பார்க்கலாம்." ஒருமுறை வாயில் இறகோடு ஒரு பூனை அகப்பட்டது. "பூனை பறவையைக் கொன்றுவிட்டது" என்றேன். "இல்லை. பூனையின் வாயில் இறகு இருக்கிறது" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. மனுஷிக்குப் பூனைமேல் பாசம் போலும் என்று நினைத்தேன். அந்த விதியின் அருமை எனக்கு விளங்கியது ஜெசிந்தா அக்காவின் நாய் மாட்டிக்கொண்டபோதுதான்.

ஜெசிந்தா அக்கா மன்னார்க்காரி. ஹில்ஸ்பரோவில், மனுகாவ் கடல்நீரைப் பார்த்து இறங்குகிற தெருவில் வீடு. பின்வேலிக்கு அப்பால் ஒரு புல்வெளி, அதற்கும் அப்பால் சிப்பி மேடு. முதியோர் இல்லத்தில் வேலை. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. கணவர் குட்டியாகக் கொண்டுவந்து வளர்த்த கறுப்பு நாய் கப்டன்தான் அந்த வீட்டில் அக்காவைத் தவிர இருந்த ஒரே உயிர். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்த ஞாயிறுகளில் நான் அங்கே மீன் தலைக் குழம்பு சாப்பிடாத நாள் குறைவு. கப்டன் என் காலடியில் படுத்திருப்பான். கிழிந்த இடக் காது, நெஞ்சில் வெள்ளைத் திட்டு.

அந்தப் புல்வெளியின் ஓரத்தில் டாட்டரல் என்ற பறவை முட்டையிடும். மன்னார்க் கடற்கரையில் ஓடித் திரிகிற உப்புக்கொத்தியின் உறவு. கூடு என்று ஒன்றும் கட்டாது; சிப்பித் தரையில் ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான். உலகத்தில் மிச்சம் இருப்பவை சொற்பம். நாம் கிட்டப் போனால் சிறகு முறிந்ததுபோல் இழுத்து இழுத்து ஓடி, நம்மை வேறு பக்கம் கூட்டிப்போகப் பார்க்கும். அந்த நடிப்பைப் பார்த்து நெஞ்சு இளகாதவன் மனிதனே இல்லை.

அந்த வசந்தத்தில் முட்டைகள் கூடு கூடாகக் காணாமல் போயின. கடைசியாக ஒரு கூடுதான் மிஞ்சியது. அந்தக் கறுப்பு நாய்தான் தின்கிறது என்று அயலவர்கள் முறையிட்டார்கள். கட்டாமல் திரிந்ததை எல்லோரும் கண்டிருந்தார்கள். ஹெலனும் நானும் அந்தக் கடைசிக் கூட்டுக்குக் கமரா வைத்தோம். மூன்று பக்கமும் அடர்ந்த புல். திறந்திருந்த நாலாவது பக்கத்தில், கூட்டுக்கு ஒரு கை நீளம் தள்ளி, குறுக்கே கதிர். பக்கவாட்டில் நின்ற கமராவுக்குக் கதிர் ஓடும் இடமும் கூடும் சேர்ந்தே தெரியும்.

சில நாளில் அந்தக் கூடும் வெறுமையாகக் கிடந்தது. சுருளைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு ஓடினேன். கடைக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இந்தமுறை ஒரு நாய் நன்றாக விழுந்திருக்கிறது!" என்றார்.

கப்டன். விடிகாலை வெளிச்சத்தில், கிழிந்த காது, வெள்ளைத் திட்டு, கூட்டை நோக்கி நீண்ட மூக்கு. என் வாழ்நாளில் அவ்வளவு தெளிவான படம் அதுவரை எனக்கு விழுந்ததில்லை. பாதுகாக்கப்பட்ட பறவையின் கூட்டை அழித்த நாயை ஊசி போட்டுக் கொல்லச் சொல்ல அதிகாரிகளால் முடியும்.

மறுநாள் காலை படம் ஹெலனிடம் போகவேண்டும். அதற்கு முன் அக்காவுக்கு என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று நேரே ஹில்ஸ்பரோவுக்குப் போனேன். அக்கா படத்தை வாங்கிப் பார்த்தார். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இதை வேறை ஆர் பாத்தது?"

"ஒருத்தரும் இல்லை. கடைக்காரன் மட்டும்தான்."

"அப்ப எரிச்சுப் போடும் தம்பி. அடுப்பு அங்கை கிடக்கு."

"அக்கா..."

"புல்லுத்தானே உமக்கு எந்த நாளும் விழுறது? இண்டைக்கும் புல்லு எண்டு சொல்லும். ஆர் கேக்கப் போயினம்? அவர் போன பிறகு இந்த வீட்டிலை மூச்சு விடுறது நானும் இவனும்தான். தம்பி, நான் உம்மட்டை இதுவரைக்கும் ஒண்டும் கேட்டதில்லை."

உண்மை. கேட்டதில்லை, தந்துதான் பழக்கம். கப்டன் வந்து என் முழங்காலில் தாடையை வைத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏலாது அக்கா. ஒரு படத்தை நான் ஒளிச்சால் பிறகு என்ரை எந்தப் படத்தையும் ஒருத்தரும் நம்பமாட்டினம். நானே நம்பமாட்டன்."

அக்கா எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டிலிருந்து சாப்பிடாமல் வெளியே வந்தது அன்றுதான்.

ஹெலன் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த நாயை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும், பெயர் கப்டன், என் அக்கா முறையானவரின் நாய் என்றேன். அவர் தொலைபேசியை எடுத்தார். மதியத்துக்குள் நாயைப் பிடித்துக்கொண்டு போய்க் காப்பகத்தில் அடைத்துவிட்டார்கள். ஹெலனின் அறிக்கை வந்ததும் முடிவு. அதற்கு ஒரு வாரம் இருந்தது.

அந்த ஞாயிறு பூசைக்குப் பிறகு தேநீர்க் கோப்பையோடு நான் தனியாக நின்றேன். "ஒரு படத்தைத் துலைக்கத் தெரியாதே? பெரிய அரிச்சந்திரன்" என்று என் முதுகுக்குப் பின்னால், என் காதில் விழும்படியாகவே ஒருவர் சொன்னார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையில் அந்தச் சுருளின் படங்கள் எல்லாவற்றையும் பரப்பினேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். படத்தில் என்ன இருக்கிறது?

கதிரில் ஒரு நாயின் நெஞ்சு இருக்கிறது. கூட்டை நோக்கி மூக்கு இருக்கிறது. கூட்டுக்கும் மூக்குக்கும் நடுவே இன்னும் அரைக் கை நீளம் இருக்கிறது. நாய் இன்னும் போய்ச் சேரவில்லை! பூதக்கண்ணாடியை எடுத்துக் கூட்டைப் பார்த்தேன். வெறுங்குழி.

அதற்கு முந்தின படத்தை எடுத்தேன். முதல்நாள் மாலை பெருங்காற்றில் ஒரு நெட்டைப் புல் ஆடி விழுந்த படம். வழக்கமாகக் குப்பைக்குப் போவது. அந்தப் புல்லுக்குப் பின்னால், பறவை நிம்மதியாக அடைகாத்துக்கொண்டிருந்தது. மாலையில் முட்டை இருக்கிறது. விடிகாலையில் நாய் வந்து சேர்வதற்கு முன்பே முட்டை இல்லை. நடுவில் கதிரை மறித்தவர் ஒருவரும் இல்லை. வாழ்நாளெல்லாம் நான் திட்டித் தீர்த்த புல்லுக்கு அன்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஹெலன் உடனே இளகிவிடவில்லை. "நாய் வேறு பக்கத்தால் வந்து தின்றுவிட்டு, பிறகு இந்தப் பக்கத்தால் வந்து பார்த்திருக்கலாம்."

"மூன்று பக்கமும் புல் நிமிர்ந்து நிற்கிறது. உள்ளே புகுந்திருந்தால் சாய்ந்திருக்கும். திருடன் திறந்த பக்கத்தால்தான் வந்திருக்கிறான், கதிருக்குக் கீழால். உங்கள் துளை உயரம்."

சொன்ன பிறகுதான் 'உங்கள்' என்ற சொல் கொஞ்சம் உறைத்தது. ஹெலன் வண்டிச் சாவியை எடுத்தார். புல்வெளிக்குப் போனோம். முளைகளுக்கு நடுவே வயிறு நிலத்தில் பட நீட்டி நிமிர்ந்து படுத்து, கதிரின் உயரத்தைக் கண்ணால் அளந்தார். எழுந்து புல்லைத் தட்டிவிட்டு, "இதற்குக் கீழால் ஒரு கல்யாண ஊர்வலமே போகலாம். துளையைத் தாழ்த்து" என்றார்.

வண்டிப் பின்கதவில் முளையைச் சாய்த்து, கணுக்கால் உயரத்தில் இரண்டாவது துளையைப் போட்டேன். அவ்வளவு தாழ வைத்தால் புல் சும்மா விடாதே. வீட்டுக் கத்தரிக்கோலால் கதிர் ஓடும் வழி நெடுக, முடி வெட்டுகிறவன்போல் குந்தியிருந்து புல்லை நறுக்கினேன். ஒனஹங்காவில் ஒரு சீனர் கடையில் ஹெலன் காடை முட்டை வாங்கிவந்தார். அதே குழியில் அவற்றை வைத்தோம். கையில் ரப்பர் உறை; திரும்பும்போது எங்கள் வாசனை கூட்டுவழியில் படியாமல் சுற்றி வளைத்துத்தான் நடந்தோம். கப்டன் காப்பகத்துக் கம்பிக்குப் பின்னால் இருந்தான். இனி முட்டை போனால் அது அவன் கணக்கில் வராது.

போயிற்று. காடை முட்டை ஒன்றும் மிஞ்சவில்லை. சுருளைக் கழுவி எடுத்தால், ஒரு முள்ளெலி. வரும்போது ஒரு படம், வாயில் மஞ்சட்கரு வழியத் திரும்பும்போது ஒரு படம், பிறகு இன்னொரு முள்ளெலி. தோட்டத்து நத்தையைத் தின்கிற சாதுப் பிராணி என்று அந்த நாளில் எல்லோரும் அதைக் கொண்டாடினார்கள். ஹெலன் படங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் வீட்டு வாசலில் இதற்குச் சாப்பாட்டுத் தட்டு வைக்கிறேன். ஒவ்வொரு நாளும்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகு சிரித்தேன்.

ஹெலனின் அறிக்கை போனது. நாயைக் காப்பகத்திலிருந்து எடுக்க அக்காவோடு நானும் போனேன். வழி முழுக்க அக்கா என்னோடு கதைக்கவில்லை. கம்பிக் கதவு திறந்ததும் கப்டன் பாய்ந்துவந்து அக்காவைத் தள்ளி விழுத்தினான். அக்கா சீமெந்துத் தரையில் இருந்தபடியே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு என்னைப் பார்த்து, "குழம்பு வைச்சிருக்கிறன். வாரும்" என்றார்.

ஆனால் வேலை முடியவில்லை. முள்ளெலிகள் ஒவ்வொரு படத்திலும் ஒரே திசையிலிருந்துதான் வந்தன. அந்தத் திசையில் இருந்தது அக்காவின் பின்வேலி. அடுத்த நாள் ஹெலனைக் கூட்டிக்கொண்டு போனேன். வேலியோரத்தில் ஒரு எலுமிச்சை. அந்தக் குளிர் மண்ணில் அப்படிக் காய்த்த மரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அடியில் மண் கிளறிக் கிடந்தது. சினாப்பர் மீனின் தலை எலும்பு, செதில், குடல். சுற்றிலும் சின்னச் சின்னக் காலடிகள்.

"அக்கா, இது என்ன?"

"மீன் கழிவு. வேறை என்ன? மண்ணைத் தோண்டி மரத்துக்குத் தாக்கிறனான்."

"இதைத் திண்ண வாற முள்ளெலிதான் அக்கா வேலிக்கு அங்காலை போய் முட்டையையும் திண்ணுது."

அக்கா இடுப்பில் கையை வைத்தார். "எலுமிச்சைக்கு மீன் கழிவு தாக்காமல் பின்னை என்னத்தைத் தாக்கிறது? மன்னாரிலை ஊர் முழுக்க அப்பிடித்தான். அங்கை ஒரு குருவியும் வந்து முறையிடேல்லை."

ஹெலனுக்கு மொழிபெயர்த்தேன். அவர் மரத்தையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார். "உங்கள் நாய் நிரபராதி என்று எழுதிவிட்டேன். உங்கள் எலுமிச்சையைப் பற்றி அப்படி எழுத முடியாது" என்றார். அதைத் தமிழில் சொன்னதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று வேலிக்கு அப்பால் பார்த்தார். சிப்பி மேட்டில் முட்டையில்லாத பறவை இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது. "பாவம். நான்தானே அதின்ரை வயித்திலை அடிச்சது" என்றார்.

அன்றைக்கே மண்வெட்டி எடுத்து எல்லாவற்றையும் தோண்டி அள்ளினார். பிறகு மீன் கழிவு மூடி போட்ட வாளிக்குள்தான் போனது. ஹெலனின் வாசல் தட்டும் உள்ளே போனது. புல்வெளியில் முள்ளெலிக்குப் பொறிப்பெட்டி வைத்தோம். எங்கள் முளைகள் எல்லாவற்றிலும் நான் இரண்டாவது துளையைப் போட்டேன். அடுத்த வசந்தத்தில் அதே குழியில் குஞ்சு பொரித்தது. பஞ்சுருண்டைக்குக் கால் முளைத்ததுபோல் அவை ஓடியதைக் கயிற்றில் கட்டிய கப்டனோடு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அக்கா பார்த்தார். யாராவது நாயை அவிழ்த்துவிட்டு அந்தப் பக்கம் வந்தால் அக்கா போட்ட சத்தம் ஒனஹங்கா வரை கேட்டிருக்கும்.

கப்டன் முதுமையில், அடுப்படி வாசலில் படுத்தபடி போனான். ஒரு வாரம் கழித்து அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, அவன்ரை படம் ஒண்டுகூட என்னட்டை ஒழுங்கா இல்லை. அவர் எடுத்ததெல்லாத்திலையும் கறுப்பாய் ஏதோ ஓடுது. கமராவைக் கண்டால் நிக்கமாட்டானே."

எனக்குத் தெரிந்து அவன் அசையாமல் விழுந்த படம் ஒன்றுதான். ஹெலனிடம் கேட்டேன். அவர் அறிக்கைக் கோப்பிலிருந்து நெகட்டிவைத் தேடி எடுத்துத் தந்தார். பெரிதாக்கிக் கழுவி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுபோனேன். விடிகாலை வெளிச்சம், கிழிந்த காது, வெள்ளைத் திட்டு, நீண்ட மூக்கு.

அக்கா நாற்காலியில் ஏறி, கணவரின் படத்துக்குப் பக்கத்தில் தானே ஆணி அடித்து அதை மாட்டினார். இறங்கி நின்று பார்த்தார்.

"இதைத்தானே அண்டைக்கு எரிக்கச் சொன்னனான்?"

"ஓம் அக்கா."

சேலைத் தலைப்பால் கண்ணாடியை ஒருமுறை துடைத்தார். "நல்ல காலம், நீர் என்ரை சொல்லைக் கேக்கேல்லை" என்றார்.